சின்ன ரூமில் கிரீன் மேட்: கோளாறைப் பார்த்து லைட்டை முடிவு செய்யுங்கள்

கிரீன் மேட் வீடியோ (பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை எடுத்து, பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பது) சரியாக வரவில்லை என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை வாட் லைட் வாங்கலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன், வாங்கியும் விட்டேன். வாங்கிய லைட் மூட்டைக்குள் தூங்குகிறது, அதன் ஸ்டாண்ட் மட்டும் கறுப்புத் துணி தொங்கவிட உதவுகிறது. அந்தக் கறுப்புத் துணிதான் கடைசியில் என் பிரச்சினையைத் தீர்த்தது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி, கூரை ஒன்பது அடி என்கிற மாதிரி அறையில் வெளிச்சம் பற்றாமல் போவது அபூர்வம். போகக் கூடாத இடத்துக்கு வெளிச்சம் போவதுதான் அங்கே தலைவலி. ஆகவே படத்தில் என்ன கோளாறு தெரிகிறது என்று முதலில் பாருங்கள், அதற்குக் காரணமான லைட் எது என்று கண்டுபிடியுங்கள், காசை அப்புறம் எடுக்கலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டு வேலை

ஒன்று, கேமராவில் ஆட்டோ என்று எதெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைத் திருத்துவது) ஃப்ரேம் முழுக்கப் பச்சையைப் பார்த்துவிட்டு "அடடா, பச்சை தூக்கலாக இருக்கிறதே" என்று எதிர்ப்பக்கம் மெஜந்தாவை ஏற்றும், முகம் ரோஸ் ஆகும். ஆட்டோ எக்ஸ்போஷர் நீங்கள் கையை முன்னால் நீட்டும் ஒவ்வொரு தடவையும் பின்னணியின் பிரகாசத்தை மாற்றும், கீ எடுக்கிற, அதாவது பச்சையைக் கண்டுபிடித்து நீக்குகிற சாஃப்ட்வேர் ஒவ்வொரு நொடியும் வேறு வேறு பச்சையைத் துரத்திக்கொண்டிருக்கும். ஆள் நிற்கிற இடத்தில், ஆளுக்கான லைட்டை மட்டும் போட்டு, ஒரு கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸை அமைத்துப் பூட்டிவிடுங்கள்.

இரண்டு, லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஜன்னலை மூடி, அறையை இருட்டாக்கி, துணிக்கான லைட்டை மட்டும் போடுங்கள். ஆள் கறுப்பு நிழலுருவமாகத் தெரிய வேண்டும், பச்சைச் சுவரில் கரியால் வரைந்த மாதிரி. மூக்கும் கன்னமும் தெரிந்தால் துணிக்கான லைட் எங்கேயோ பட்டுத் திரும்பி ஆள் மேல் விழுகிறது. அப்புறம் மாற்றிச் செய்யுங்கள்: துணி லைட்டை அணைத்து, ஆள் லைட்டை மட்டும் போடுங்கள். இப்போது துணி கிட்டத்தட்ட இருட்டாக இருக்க வேண்டும். எவ்வளவு பச்சை தெரிகிறதோ அவ்வளவு வெளிச்சம் ஆளைத் தாண்டி துணிக்குப் போகிறது என்று அர்த்தம். இரண்டு நிலைகளையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

துணி திட்டுத் திட்டாக இருக்கிறது, ஓரம் ஒரு பச்சை, நடு ஒரு பச்சை

கண்ணை நம்ப வேண்டாம். நம் கண் சமமில்லாத வெளிச்சத்தைச் சமமாகக் காட்டுவதில் கெட்டிக்காரன். கேமராவிலோ எடிட்டிங் சாஃப்ட்வேரிலோ வேவ்ஃபார்ம் (படத்தின் பிரகாசத்தை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) இருந்தால் அதைத் திறந்து, ஆள் இல்லாமல் வெறும் துணியை மட்டும் பாருங்கள். சமமாக இருந்தால் கோடு மெல்லியதாக, படுக்கைவசமாக இருக்கும். நடுவில் தொய்ந்திருந்தால் நடுவில் வெளிச்சம் குறைவு, ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஒரு லைட் கிட்டே இருக்கிறது, கோடு அகலமாகத் தடித்திருந்தால் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லது துணி சுருக்கமாக இருக்கிறது. வேவ்ஃபார்ம் இல்லையா, போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, போனைத் துணியோடு ஒட்டிப் பிடித்து ஒன்பது இடங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப் காட்டுகிற எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே அரை ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) போகாமல் பார்த்துக்கொண்டால் கீ எடுக்கிற எந்தக் கீயரும் முணுமுணுக்காது.

திட்டுக்குப் பெரிய காரணம் லைட்டைத் துணிக்குப் பக்கத்தில் வைப்பதுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்று பள்ளியில் படித்திருப்போம், அந்தக் கணக்கு இங்கே அப்படியே வேலை செய்கிறது. ஆறடி அகலத் துணி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு லைட், ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி ஒவ்வொரு லைட்டிலிருந்தும் ஐந்தடி. கோணத்தை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் கணக்குப் போட்டால் ஓரத்தில் கிடைக்கிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுவுக்கு வராது, ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். அதே லைட்டை ஓரத்திலிருந்து ஐந்தடிக்குத் தள்ளினால் வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்கும் உள்ளே வந்துவிடும். லைட் அதேதான், துணி அதேதான், நகர்த்தியது மூன்றடி.

"அந்த மூன்றடிதான் என் ரூமில் இல்லையே" என்பீர்கள். சரி, அப்போது லைட்டின் முகத்தைத் திருப்புங்கள். இடப்பக்க லைட்டைத் துணியின் வலப்பக்க ஓரத்தைப் பார்த்து, வலப்பக்க லைட்டை இடப்பக்க ஓரத்தைப் பார்த்து வையுங்கள். கற்றையின் உச்சி தூரத்து ஓரத்துக்குப் போகும், கிட்டத்து ஓரத்துக்கு அதன் விளிம்பு வெளிச்சம் மட்டும் விழும், தானாகச் சமமாகும். இரண்டு லைட்டும் துணிக்கு ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில், துணியின் பாதி உயரத்தில் இருந்தால் மேல், கீழ் வித்தியாசமும் அடங்கும்.

வாங்குவதாக இருந்தால் இந்த இடத்துக்கு நீளமான லைட்தான் பொருத்தம். நான்கடி எல்இடி ட்யூப் இரண்டைச் செங்குத்தாக நிறுத்தினால் துணியின் மேலும் கீழும் ஒரே மாதிரி வெளிச்சம் வரும், இடமும் அடைக்காது. ஒரே புள்ளியிலிருந்து பாய்கிற ஃபோகஸ் லைட் இதற்கு வேண்டாம், நடுவில் வட்டம் போடும். துணிக்கான லைட்டில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான, 100 வரை போகும் மதிப்பெண்) 97, 98 என்று பார்த்துக் காசைக் கொட்டவும் வேண்டாம். பச்சைத் துணிக்குத் தோல் நிறம் கிடையாது. இரண்டும் ஒரே மாடலாக, ஒரே நிற வெப்பநிலையில், மினுக்காமல் இருந்தால் போதும். நல்ல சிஆர்ஐ உள்ள லைட்டை முகத்துக்கு வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நல்ல பேனல் இரண்டைத் துணிக்குப் போட்டுவிட்டு முகத்துக்கு வீட்டு பல்பு.

துணிச் சுருக்கம் தனி விஷயம். மென்மையான லைட் சுருக்கத்தைக் கொஞ்சம் மறைக்கும், முழுதாக மறைக்காது. நீராவி இஸ்திரி போடுங்கள், ஓரங்களில் கிளிப் மாட்டி நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பளபளப்பான துணியாக இருந்தால் எந்த லைட் போட்டாலும் ஓரிடத்தில் வெள்ளையாக மின்னும், அதை மாற்றத்தான் வேண்டும்.

தலைமுடி, தோள், தாடைக்கு அடியில் பச்சை

சின்ன ரூம்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. ஸ்பில் என்கிறோம். துணியில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி ஆள் மேல் விழுகிறது. யோசித்துப் பாருங்கள், ஆறுக்கு எட்டு அடித் துணியில் வெளிச்சம் போட்டால் அதுவே ஒரு பெரிய பச்சை சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கிப் பரப்பும் துணிப்பெட்டி). அதற்கு முன்னால் இரண்டடியில் போய் நின்றால் காதைச் சுற்றிப் பச்சை வராமல் என்ன வரும்?

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். ஆள் நிற்கிற இடத்தில், கழுத்து உயரத்தில் தாளைப் பிடித்து, துணி லைட்டை மட்டும் எரிய விடுங்கள். தாளை மெதுவாகத் திருப்புங்கள். துணியைப் பார்க்கும்போது பச்சையாகும், அது எதிர்பார்த்ததுதான். தரையைப் பார்த்துத் திருப்பும்போதும் பச்சையாகிறதா? அப்படியென்றால் தரையில் விரித்த மிச்சத் துணி, அல்லது பளபளக்கிற தரை, தாடைக்கு அடியில் பச்சையைப் பூசுகிறது. பக்கத்துச் சுவரைப் பார்க்கும்போது பச்சையாகிறதா? வெள்ளைச் சுவர் பச்சையை வாங்கி உங்களுக்கே திருப்பித் தருகிறது. என் அறையில் தாள் அதிகம் பச்சையானது கூரையைப் பார்த்தபோது. எட்டரை அடியில் வெள்ளைக் கூரை, துணியின் மேல் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் மூன்று நாள் கீயரில் ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டிருந்தேன், தலையுச்சியில் இருந்த பச்சை போகவே இல்லை. கூரையில் ஒரு கறுப்புத் துணியை ஆறடிக்குக் கட்டியதும் போய்விட்டது.

இதற்கு வழிகளை நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பச்சையைக் குறையுங்கள். ஃப்ரேமில் ஆளின் உருவத்தையும் கை போகிற தூரத்தையும் சுற்றி மட்டும் பச்சை இருந்தால் போதும், மிச்சத்தை எடிட்டிங்கில் கார்பேஜ் மேட் போட்டு வெட்டிவிடலாம். உட்கார்ந்து பேசுகிற வீடியோவுக்குச் சுவர் முழுக்கப் பச்சை எதற்கு? ஓரங்களைச் சுருட்டுங்கள், அல்லது மேலே கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

அடுத்து தூரம். ஆளுக்கும் துணிக்கும் நடுவில் ஆறடி இருந்தால் நிம்மதி. சின்ன அறையில் நான்கடியாவது ஒதுக்கப் பாருங்கள், அதற்காகக் கேமராவை வாசலுக்கு வெளியே தள்ள வேண்டி வந்தாலும் தள்ளுங்கள். நான் பல தடவை ட்ரைபாடை நடையில் வைத்து எடுத்திருக்கிறேன். அறையின் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக எடுத்தால் பன்னிரண்டடி அறையில் பதினைந்தடிக்கும் மேல் கிடைக்கும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

மூன்றாவது, துணி வெளிச்சத்தைக் குறையுங்கள். துணி நியான் போல ஜொலிக்க வேண்டும் என்ற நினைப்பு தப்பு. வேவ்ஃபார்மின் 0 முதல் 100 வரையான அளவில் பச்சை 40க்கும் 50க்கும் இடையில் இருந்தால் எனக்குத் திருப்தி, முகத்துக்கு இருப்பதைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் கீழே. துணி வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஸ்பில்லும் பாதியாகிறது. ஒரு ஸ்டாப் என்பது பெரிய விஷயம்.

நாலாவதாகத்தான் பேக் லைட். மேலே, பின்னால், ஆளின் தலைக்குச் சற்றுப் பின்னே, பார்ன் டோர் (வெளிச்சத்தைத் தடுக்கும் மடிப்புத் தகடுகள்) அல்லது கிரிட் (கட்டம் கட்டமான தடுப்பு) போட்ட சின்ன எல்இடி. தோளிலும் முடியிலும் ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு வந்தால் பச்சை அதற்குள் அமுங்கிவிடும். தாழ்ந்த கூரையில் ஸ்டாண்ட் ஃப்ரேமில் தெரியும், அதனால் லைட்டைத் தள்ளித் தொங்கவிடும் நீளக் கம்பி, அதாவது பூம் ஆர்ம் ஒன்று தேவைப்படும், கூடவே அடியில் மணல் மூட்டை. மூட்டை இல்லாமல் ஆள் தலைக்கு மேல் லைட்டைத் தொங்கவிடாதீர்கள். பேக் லைட்டில் மெஜந்தா ஜெல் (லைட் முன்னால் போடும் நிறத் தாள்) போட்டால் பச்சைக்கு எதிர் நிறம் என்பதால் ஸ்பில் ரத்தாகும் என்று ஒரு பழைய யோசனை சுற்றுகிறது. கணக்குப்படி சரி. ஆனால் ஸ்பில் இல்லாத இடத்தில் முடி ரோஸ் ஆகிறது, பிறகு அதைத் திருத்த உட்கார வேண்டும். நான் போடுவதில்லை.

எந்த நிறத்துக்கும் மாற்றக்கூடிய ஆர்ஜிபி லைட் வைத்திருப்பவர்கள் துணிக்கான லைட்டையே பச்சையாக மாற்றிவிடலாம் என்பார்கள். பெரிய ஸ்டூடியோவில் இது நல்ல முறை, துணியில் பச்சை ஆழமாக வரும். சின்ன அறையில், வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில், அறையே பச்சைக் குளமாகிவிடும். சுவரெல்லாம் கறுப்பாக்கியிருந்தால் முயன்று பாருங்கள்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, இடமே இல்லாதவர்களுக்கு. ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் நிறத் துணி ஒன்று உண்டு, அதற்கென்று லென்ஸைச் சுற்றி மாட்டுகிற பச்சை எல்இடி வளையமும் உண்டு. கேமராவின் கண்ணுக்கு மட்டும் துணி பச்சையாகத் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குச் சாம்பல்தான். துணிக்குத் தனி லைட் வேண்டாம், ஸ்பில் கிட்டத்தட்ட இல்லை, துணிக்கு ஒட்டியே நிற்கலாம். மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் கண்ணாடியில் பச்சை வளையம் விழும், ரொம்பக் கிட்டத்தில் போய் எடுத்தால் கண்மணியிலும் தெரியும். விலையும் சாதாரணத் துணியோடு ஒப்பிட முடியாது.

ஆளுக்கு உள்ளே ஓட்டை, பின்னணி எட்டிப் பார்க்கிறது

ஒரு பாட வீடியோ எடுத்தபோது பேசியவர் கையில் ஸ்டீல் வாட்ச். கையைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் பட்டையாக ஓட்டை விழுந்து அதன் வழியாக மலைத்தொடர் தெரிந்தது. ஸ்டீல் கண்ணாடி மாதிரி, எதிரில் இருக்கிற பச்சையை அப்படியே காட்டும். லேப்டாப் மூடி, கண்ணாடி டம்ளர், பளபளப்பான மேசை எல்லாம் இதே கூட்டம். இதற்கு லைட் வாங்கி ஒன்றும் ஆகாது. கழற்றுங்கள், அல்லது அந்தப் பொருளின் கோணத்தைத் திருப்புங்கள்.

ஓட்டை முகத்திலோ வெள்ளைச் சட்டையிலோ விழுந்தால் கதை வேறு. முதல் சந்தேகம் ஸ்பில், மேலே சொன்னதைப் பாருங்கள். இரண்டாவது சந்தேகம் முகத்துக்குப் போட்ட லைட்டின் மேலேயே. மலிவு எல்இடி சிலவற்றில் வெள்ளை வெளிச்சத்துக்குள்ளேயே பச்சைச் சாயல் இருக்கும், 5600 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருந்தாலும். கெல்வின் எண் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் எங்கே என்று மட்டும்தான் சொல்லும், பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவில் எங்கே என்று சொல்லாது. வெள்ளைத் தாளை வெயிலில் ஒரு படமும் அந்த லைட்டில் ஒரு படமும், இரண்டிலும் ஒயிட் பேலன்ஸை 5600இல் பூட்டி எடுத்துப் பாருங்கள், பச்சை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பச்சையைக் குறைக்கிற லேசான மைனஸ் கிரீன் ஜெல் ஒன்றை லைட் முன்னால் போட்டால் சரியாகும். புதிதாக வாங்குகிறவர்கள் முகத்து லைட்டுக்கு சிஆர்ஐ, டிஎல்சிஐ (அதே மாதிரி, கேமராவுக்கான மதிப்பெண்) இரண்டும் 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, துணி வெளிச்சம் மிதமிஞ்சிப் போனாலும் இதேதான் நடக்கும், பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். கீயர் பார்ப்பது பச்சை எவ்வளவு என்பதை அல்ல, சிவப்பு நீலத்தைவிடப் பச்சை எவ்வளவு அதிகம் என்பதை. உதாரணத்துக்கு, சரியான வெளிச்சத்தில் துணி சிவப்பு 60, பச்சை 160, நீலம் 70 என்று இருக்கட்டும். நீலத்தைவிடப் பச்சை 90 அதிகம். வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போனால் பச்சை 255இல் முட்டி நின்றுவிடும், சிவப்பும் நீலமும் மட்டும் ஏறும்: 180, 255, 210. இப்போது வித்தியாசம் 45தான். துணி பிரகாசமாகத் தெரிகிறது, ஆனால் வெளுத்துப் போயிருக்கிறது. வெளுத்த பச்சையைப் பிடிக்க நீங்கள் கீயை முறுக்குவீர்கள், அது ஆளையும் சேர்த்துத் தின்னும்.

துணியில் ஆளின் நிழல்

ஆள் லைட் ஆளைத் தாண்டித் துணிக்குப் போகிறது. தொடக்கத்தில் எடுத்த இரண்டாவது படத்தைப் பாருங்கள், துணி லைட் அணைந்திருக்கும்போதே நிழல் தெரியும். துணி லைட்டை ஏற்றி நிழலை அழிக்கப் பார்ப்பார்கள், அது ஸ்பில்லில் கொண்டு விடும். ஆள் லைட்டை மேலே ஏற்றி, கீழ்நோக்கிச் சாய்த்தால் நிழல் தரையில் விழும். பக்கவாட்டில் தள்ளினால் நிழல் ஃப்ரேமுக்கு வெளியே போகும். சாஃப்ட்பாக்ஸ் வாயில் கிரிட் மாட்டுங்கள், கட்டம் கட்டமான அந்தக் கறுப்புத் துணி வெளிச்சத்தைப் பக்கங்களில் சிதறவிடாமல் தடுக்கும். சின்ன அறைக்கு லைட் வாங்கும்போது கிரிட்டும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். கூடுதல் 50 வாட்டைவிட எனக்கு அது பெரிது. கிரிட் இல்லையென்றால் ஒரு கட்டர் (வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் தடுப்பு), அதுவும் இல்லையென்றால் கறுப்புச் சார்ட் ஒட்டிய தெர்மோகோலை லைட்டுக்கும் துணிக்கும் நடுவில் ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

முழு உருவம் எடுக்கிறவர்களுக்குக் காலடி நிழல் வரும், அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். அந்த நிழல் இல்லையென்றால் ஆள் மிதப்பார். சுவரும் தரையும் சேருமிடத்தில் துணியை மடிக்காமல் வளைவாக இறக்குங்கள், அந்த மூலையில் விழுகிற கறுப்புக் கோடு மட்டும் போகட்டும்.

ஓரங்களில் எறும்பு ஊர்கிற மாதிரி

நாய்ஸ், அதாவது படத்தில் துள்ளும் புள்ளிகள். இந்த ஒரு கோளாறுக்குத்தான் நிஜமாகவே வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் எண்) ஏறியிருக்கும். துணியை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், பச்சைக்குள் ஊதாவும் மஞ்சளும் துள்ளும். ஆனால் லைட் வாங்குவதற்கு முன் லென்ஸின் எஃப் எண்ணைப் பாருங்கள், அது குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிதாகும்: எஃப் 8இல் வைத்து ஐஎஸ்ஓ 3200இல் எடுத்துக்கொண்டிருந்தால் எஃப் 4க்கு வாருங்கள், இரண்டு ஸ்டாப் இலவசமாகக் கிடைக்கும், ஐஎஸ்ஓ 800. எஃப் 1.8 வரை திறந்தால் காதும் முடியும் ஃபோகஸிலிருந்து நழுவிக் கீயைக் கெடுக்கும், அதனால் 4, 5.6 என் பழக்கம். நீலத் துணி என்றால் இன்னும் வெளிச்சம் வேண்டும். சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும் கால்வாசி மட்டும் நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதால் நீலத்தில் நாய்ஸ் சீக்கிரம் தலைகாட்டும்.

பட்டை பட்டையாகக் கோடு மேலே கீழே ஓடுகிறது

இது மினுக்கல். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் சாதாரண பல்பு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 120 முறை. ஷட்டரை முதல் வகைக்கு 1/50 அல்லது 1/100 நொடி, இரண்டாவதற்கு 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் டிம்மர்தான் குற்றவாளி. மலிவு எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைக்க உண்மையில் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. 100 சதவீதத்தில் சுத்தமாக இருக்கும், 30க்கு இறக்கியதும் கோடு வரும். டிம்மரை முழுதாக வைத்துவிட்டு லைட்டைத் தள்ளிவையுங்கள், அல்லது முன்னால் இரண்டு அடுக்கு டிஃப்யூஷன் (வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைத் துணி) போடுங்கள். கடையில் லைட் வாங்கும்போது அதை 10 சதவீதத்தில் வைத்துப் போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். பெட்டியில் "ஃப்ளிக்கர் ஃப்ரீ" என்று அச்சிட்டிருப்பதை நம்புவதைவிட இது மேல்.

முடி நுனி கத்தரித்த மாதிரி, ஓரம் படிக்கட்டு, கை ஆட்டினால் பச்சைப் புகை

லைட்டில் காரணம் தேடி அலையாதீர்கள். படிக்கட்டுக்குக் காரணம் கேமரா பதிவு செய்கிற விதம். 4:2:0 என்றால் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவல், கீ எடுப்பதோ நிறத்தை வைத்து. 4:2:2 (இரண்டு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல்) இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் 4கேயில் எடுத்து 1080க்குச் சுருக்குங்கள், ஓரம் நன்றாகவே தேறும். கேமராவின் பிக்சர் ப்ரொஃபைலில் ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள், அது ஆளைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைப் போட்டுவிடுகிறது.

பச்சைப் புகை என்பது கை வேகமாகப் போகும்போது வருகிற மங்கல். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை வழக்கமான 1/50க்குப் பதில் 1/100 வையுங்கள், மங்கல் பாதியாகும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர் என்றால் கொடுக்க வேண்டிய விலைதான்.

காலையில் சரியாக இருந்தது, மதியம் கீ உடைகிறது

ஜன்னல். திரைச்சீலை போட்டிருக்கிறேன் என்பீர்கள், துணி லைட்டையும் ஆள் லைட்டையும் அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றாமல் கேமராவில் பாருங்கள். மானிட்டர் கறுப்பாக இருந்தால் சரி, ஏதாவது தெரிந்தால் வெளியிலிருந்து வருகிறது. இன்னொன்று, பேட்டரியில் ஓடுகிற சின்ன லைட்டுகளில் சில சார்ஜ் குறையக் குறைய மங்கும். அடாப்டரில் ஓட்டுங்கள்.

மூக்குக்கண்ணாடியில் லைட்

முகத்து லைட்டை ஏற்றிச் சாயுங்கள். கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் அரை விரல் தூக்கிவிடச் சொல்லுங்கள், கண்ணாடி லேசாகக் கீழ்நோக்கும், பிரதிபலிப்பு ஃப்ரேமை விட்டுப் போகும். ரிங் லைட் என்றால் கழற்றி வையுங்கள், அதை மறைக்க வழியே இல்லை.

கீ சுத்தம், ஆனாலும் ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறது

இந்தக் கோளாறுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் துணி வேலை முடிந்தது. இனி பின்னணிப் படத்தைத் திறந்து, அதில் வெயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிழல்கள் வலப்பக்கம் விழுந்தால் வெளிச்சம் இடப்பக்கம். உங்கள் முகத்து லைட் வலப்பக்கம் இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும். நிழலின் ஓரத்தையும் பாருங்கள்: கத்தி மாதிரி இருந்தால் டிஃப்யூஷனைக் கழற்றிவிட்டு லைட்டை நேரடியாக அடியுங்கள், நிழலே இல்லாத மேகமூட்டம் என்றால் பெரிய சாஃப்ட்பாக்ஸ். மாலை நேரப் பின்னணிக்கு ஒயிட் பேலன்ஸை அப்படியே விட்டுவிட்டு முகத்து லைட்டை 3200 கெல்வினுக்கு இறக்குங்கள், முகத்தில் அந்த ஆரஞ்சு ஏறும். இதற்காகத்தான் முகத்துக்கு நிறம் மாற்றக்கூடிய பைகலர் லைட் வாங்கச் சொல்வேன், துணிக்கு ஒரே நிறம் போதும்.

அப்புறம் கேமரா உயரம். பின்னணியில் அடிவானம் ஆளின் கண் உயரத்தில் இருக்க, நீங்கள் இடுப்பு உயரத்திலிருந்து மேல்நோக்கி எடுத்திருந்தால் எந்த லைட்டும் காப்பாற்றாது, ட்ரைபாடின் நடுக்கம்பியை இரண்டு ஜாண் தூக்குங்கள்.